பூங்கா நடைபாதையில் புதிய விளக்குகள்

இன்று மாலை பூங்காவின் நடைபாதையில் புதிய விளக்குகள் எரிந்தபோது, எதிரே வந்த பெண்ணின் முகம் மிக அருகில் வரும்வரை எனக்குத் தெரியவில்லை.

வெளிச்சம் போதாமல் அல்ல. மறைப்பில்லாத வெள்ளை ஒளி நேராகக் கண்ணில் அடித்ததால், கம்பங்களுக்கு இடையிலிருந்த நிழல் முன்பைவிடக் கறுத்துத் தெரிந்தது.

நடப்பவருக்குக் கூடுதல் வெளிச்சத்தைவிடச் சீரான வெளிச்சமே வேண்டும்: மேல்நோக்கிச் சிதறாதபடி மூடிய விளக்கு, 3000 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் கூடக்கூட ஒளியில் நீலம் மிகும்) மேற்படாத மஞ்சள் சாயல், எதிரே வருபவரின் முகத்திலும் விழும் ஒளி.

நீலம் மிகுந்த ஒளி பூச்சிகளை அதிகம் ஈர்ப்பதோடு, முதியவர்களின் கண்களைக் கூடுதலாகக் கூசவும் வைக்கிறது.

இருட்டியதும் வீடு திரும்பிவிடும் பெண்களும் முதியவர்களும் (பூங்கா அவர்களுக்கும் உரியதுதானே) தயங்காமல் நடக்க, பொறுப்பில் இருப்பவர்கள் கம்பங்களைக் கூட்டுவதற்கு முன் இரவில் அந்தப் பாதையில் நடந்து பார்த்து, இருக்கும் விளக்குகளுக்கு மறைப்புகளைப் பொருத்த வேண்டும்.