றோலர் பிடித்த ஓவியர்

எங்கள் பெயர்ப்பலகைத் தொழிலில் றோலர் என்றால் தளப்பூச்சுக்குத்தான். பலகை முழுக்க வெள்ளை அடித்துக் காயவிட்டால் அதன் வேலை முடிந்தது, எழுத்துக்குத் தூரிகை. அதனால்தான் வி. எஸ். காய்தோண்டே என்ற ஓவியர் பெரிய பெரிய கன்வஸ்களை றோலராலும் தகட்டாலும் செய்தார் என்று அறிந்ததும் ஆளை விட மனம் வரவில்லை. கிளிநொச்சியில் பெயர்ப்பலகை எழுதும் எனக்கு ஓவியர்களோடு வேறென்ன சொந்தம்?

கோவாக் குடும்பம், பிறந்தது நாக்பூரில், 1924இல். மும்பை ஜே.ஜே. கலைக் கல்லூரியில் 1948இல் படிப்பை முடித்தார். தொடக்கத்தில் அவரும் உருவங்கள்தான் வரைந்தார். ஐரோப்பிய ஓவியர் பவுல் க்ளேயின் படங்களில் ஈடுபாடு இருந்தது. க்ளே நன்றாக வயலின் வாசிப்பவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பிறகு காய்தோண்டே வேலை செய்த இடம் மும்பையின் பூலாபாய் தேசாய் நிலையம். அங்கேதான் ரவிசங்கர் சித்தார் சொல்லிக்கொடுத்தார், ஒரு பக்கம் நாடக ஒத்திகை. காது சும்மா இருந்திருக்காது. ஜென் என்ற பௌத்தத் தியான வழி, ரமணர், அப்புறம் மும்பையில் பீடிக்கடை வைத்திருந்த ஞானி நிசர்கதத்த மகராஜ் என்று மனம் போன பக்கமும் ஒன்றுதான். கொஞ்சம் கொஞ்சமாக உருவங்கள் படத்தை விட்டுப் போய்விட்டன. 1964இல் ரொக்ஃபெல்லர் உதவித்தொகையில் நியூயோர்க் போனார், 1971இல் பத்மஸ்ரீ, பிறகு டெல்லி வாசம். விருதுக் கதை இவ்வளவு போதும்.

வேலை செய்த விதம்தான் விசயம். ஒரு நிறத்தை உருட்டுவார். காயும் முன் தகட்டால் வழிப்பார். கிழித்த பத்திரிகைத் துண்டுகளை வைத்து அழுத்தி எடுப்பார். அதன் மேல் இன்னொரு பூச்சு, இன்னொரு வழிப்பு. கீழே போன மஞ்சள் மேலே உள்ள சாம்பலுக்குள்ளால் மெல்லக் கசியும். எனாமலில் இதைச் செய்தால் பூச்சு சுருங்கி உரியும், வாடிக்கையாளர் காசும் தரமாட்டார். அவர் வருடத்துக்கு ஐந்தாறு படங்களுக்கு மேல் செய்யவில்லை. மிச்ச நேரம் யோசனை. ஏ9 வீதியில் டிஜிட்டல் பனர் அடிக்கும் கடைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.

கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். பக்கத்துக் கடைத் தம்பி, “அண்ணை, இதில ஒண்டும் இல்லையே” என்றான். அவன் வருடந்தோறும் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிறவன். கடல்நீரில் விளக்கெரியும் அம்மன் கோயில். என் சித்தப்பா உடுக்கு அடிப்பவர். இடுப்புக் கயிற்றை விரலால் நெருக்கினால் ஒலி மேலேறும், தளர்த்தினால் இறங்கும். அவ்வளவுதான் வித்தை, ஆனால் உருவேறியவரின் உடம்பு அந்த ஏற்ற இறக்கத்தோடே போகும். அங்கே நின்று இந்த ஒலி எதைக் குறிக்கிறது என்று தம்பி ஒருநாளும் கேட்டதில்லை. படத்தைக் கண்டால் மட்டும் எல்லோருக்கும் மாடோ மரமோ தெரிந்தாக வேண்டும். சொன்னேன். “அது சாமி விசயம் அண்ணை” என்று முடித்துவிட்டான். சரி, காய்தோண்டேயும் ஏறக்குறைய அதைத்தானே சொல்லியிருப்பார்!

1984இல் விபத்தொன்றில் பலமாக அடிபட்டார். பெரிய கன்வஸ் முன்னால் நிற்கமுடியாத வருடங்களில் கடதாசியில் மையால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டார். எனக்கு அவையும் பிடிக்கும்; பழைய ஏடொன்றைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பதுபோல. 2001இல் இறந்தார். 2013இல் மும்பை ஏலத்தில் ஒரு படம் 23.7 கோடி இந்திய ரூபாய்க்குப் போனது. அடுத்த வருடம் நியூயோர்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி. இரண்டையும் பார்க்க அவர் இல்லை.

டெல்லித் தேசிய நவீன கலைக்கூடத்தில் அவர் படங்கள் இருக்கின்றன. போகக் கிடைத்தால் நேரே நின்று பார்க்கமாட்டேன். காவலாளி திட்டினாலும் பக்கவாட்டில் போய், கன்வஸின் விளிம்பில் எத்தனை பூச்சு தெரிகிறதென்று எண்ணுவேன்.