வேட்டை ஜக்குகள்: ஒன்றரை வருடக் கணக்கு

பையனுக்குச் சைக்கிள் தேடித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை லெஸ்டருக்கு வெளியே நடக்கும் கார் பூட் சேலுக்கு, அதாவது கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தைக்குப் போனேன். சைக்கிள் கிடைக்கவில்லை. திரும்பும்போது கையில் ஒரு பழைய ஜக் இருந்தது. மேல் பாதி கரும்பழுப்பு, கீழ்ப் பாதி வெளிர்பழுப்பு. அசப்பில் நம் வீட்டு ஊறுகாய் ஜாடிக்குக் கைப்பிடியும் மூக்கும் வைத்தது போல இருந்தது. சுற்றிலும் புடைப்பாகக் குதிரைகள், வேட்டை நாய்கள், ஒரு மரம். விலை 12 பவுன். “ஊறுகாய் ஜாடிக்கா இவ்வளவு?” என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான்.

ராத்திரி கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ‘டோல்டன் லாம்பெத்’ என்று, செய்த கம்பெனியின் பேரும் இடமும் அமுக்கிய எழுத்தில்; அதன் கீழே ‘இங்கிலாந்து’. அந்தக் கடைசிச் சொல்தான் வயதைக் காட்டிக் கொடுத்தது. இறக்குமதியாகும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும் என அமெரிக்கா போட்ட சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் இங்கிலாந்துப் பாண்டங்களின் அடியில் நாட்டின் பெயர் வழக்கமானது. 1901-இல் அரச அனுமதி கிடைத்து டோல்டன் ‘ராயல் டோல்டன்’ ஆனது. என் ஜக்கில் ‘ராயல்’ இல்லை. அந்தப் பத்து வருடத்தை ஒட்டியது என்று எடுத்துக்கொண்டேன்.

லண்டனில் தேம்ஸ் கரையிலிருந்த லாம்பெத் ஆலை பெரிதாகச் சம்பாதித்தது கலைப் பொருளில் இல்லை, சாக்கடைக் குழாயில். காலராவுக்குப் பயந்து இங்கிலாந்து நகரங்கள் கழிவுநீர்க் குழாய் பதித்த காலம் அது. குழாய்க்கும் என் ஜக்குக்கும் ஒரே பக்குவம்தான். சூளை 1200 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது உப்பை அள்ளி உள்ளே போடுவார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகப் படிந்துவிடும். தனியாக மெருகு பூச வேண்டியதில்லை. விரலை ஓட்டினால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்படும்.

அடுத்த மாதமே அதே அளவில் இன்னொன்று கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதுதான் இந்தக் கிறுக்கு நிஜமாகத் தொற்றியது. குதிரையும் நாயும் ஜக்கோடு சேர்ந்து வார்த்தவை இல்லை. சிறு அச்சில் களிமண்ணை அமுக்கி எடுத்து, ஈரம் காயாத ஜக்கின் மேல் ஒவ்வொன்றாகத் தண்ணீர் தொட்டு ஒட்டுவார்கள். ஸ்பிரிக்கிங் என்பார்கள். அதனால் இரண்டு ஜக்கிலும் உருவங்கள் அதேதான், இடைவெளி மட்டும் வேறு. முதல் ஜக்கில் நாய்கள் தாராளமாக ஓடுகின்றன. இரண்டாவதில் ஒட்டியவர் கணக்கைத் தவறவிட்டிருக்கிறார். கைப்பிடிக்குக் கிட்டே வரும்போது இடம் போதவில்லை. கடைசி நாயைத் தள்ளி நெருக்கி ஒட்டியதில் அதன் மூக்கு முன்னால் போகிற நாயின் வாலில் இடிக்கிறது. அதன் பின்னங்கால் கைப்பிடியின் அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ‘சே’ என்று நாக்கைக் கடித்த இடம் அது. நல்ல ஜக்கை விற்றாலும் விற்பேன், இதை விற்க மாட்டேன்.

அப்புறம் ஒரு அடி வாங்கினேன். ஆன்லைனில் ஒருவர் ‘குறை ஏதும் இல்லை’ என்று எழுதி 45 பவுனுக்கு ஒரு பெரிய ஜக்கைத் தலையில் கட்டிவிட்டார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. அம்மா பொங்கல் பானை வாங்கும்போது விரல் முட்டியால் சுண்டிப் பார்ப்பார். ‘ணங்’ என்றால்தான் காசை எடுப்பார். அந்த நினைவில் சுண்டினேன். ‘டொக்’ என்றது. புற ஊதா டார்ச் வாங்கி இருட்டில் அடித்தால், கைப்பிடி சேரும் இடத்தில் பால் நீலமாக ஒரு வளையம் மினுங்கியது. பசை. மேலே அழகாக வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள். பணம் திரும்பி வரவில்லை. இப்போது அதில் கரண்டிகள் நிற்கின்றன. நேரில் வாங்குவதென்றால் கடைக்காரர் முன்னாலேயே சுண்டிவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஜக்கிலிருந்து தட்டுக்குத் தாவியது, பாண்ட ஆலைகளுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டுக்கு ஒருநாள் போய் வந்த பிறகு. லாங்டனில் பழைய கிளாட்ஸ்டன் பாண்ட ஆலையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பாட்டில் வடிவச் சூளைகளின் உள்ளேயே போய் நிற்கலாம். அந்தப் பக்கத்தில் செய்ததுதான் என்னிடமுள்ள கோப்லேண்ட் ஸ்போட் கம்பெனியின் வேட்டைப் படத் தட்டுகள். படங்கள் ஜே. எஃப். ஹெர்ரிங் வரைந்தவை. 1795-இல் பிறந்த மனிதர், ஓவியராவதற்கு முன் கோச் வண்டி ஓட்டியவர். குதிரையின் பின்பக்கத்தை அவ்வளவு சரியாக வரைந்ததற்கு அது காரணமாக இருக்கலாம். இவை செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் அச்செடுத்து, தட்டில் அழுத்தித் தேய்த்து மாற்றிய படங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு தட்டில் வேட்டைக்காரரின் மேலங்கிச் சிவப்பு, வரைகோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது. அந்தச் சிவப்பு மேலங்கிக்கு வேட்டைக்காரர்கள் வைத்த பேர் ‘பிங்க்’. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

என் முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். 1930-களில் ஃபீல்டிங் கம்பெனி ‘கிரவுன் டெவன்’ என்ற பேரில் பாட்டுப் பாடும் ஜக் செய்தது. தூக்கினால் அடியிலிருந்து ‘ஜான் பீல்’ பாட்டின் மெட்டு வரும். ஜான் பீல் நிஜ ஆள். கம்பர்லாந்து விவசாயி, நரி வேட்டைக்குப் பேர்போனவர், 1854-இல் இறந்தவர். அப்படி ஒன்று அழுக்கோடு கிடைத்தது. சந்தோஷத்தில் அப்படியே சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன். அடியில் இயந்திரம் இருப்பது அரை மணி கழித்துத்தான் உறைத்தது. கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பெரியவர் பிரித்துக் காயவைத்து எண்ணெய் போட்டார். இப்போது பாடுகிறது, நடுவில் ஒரு சுரத்தை மட்டும் விழுங்கிக்கொள்கிறது.

“உயிரைத் துரத்திக் கொல்லும் படத்தை எப்படி வீட்டில் வைக்கிறாய்?” என்று தங்கை போனில் கேட்டாள். வேட்டை எனக்கும் பிடிக்காது. நாய்களை விட்டு நரியைக் கொல்வது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரியிலிருந்து சட்டப்படி குற்றம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் நம் ஊட்டியில்கூட நாய்களை வைத்துக்கொண்டு, நரிக்குப் பதில் குள்ளநரியைத் துரத்தினார்கள். அவளுக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. ஹெர்ரிங் தட்டுகளில் நரி சாகும் காட்சியுள்ளதை நான் வாங்கவில்லை, அவ்வளவுதான் சொன்னேன். “அப்போ பாதி செட்டா?” என்றாள். ஆமாம், பாதி செட்டுதான்.

இப்போதைய கையிருப்பு: வேட்டை ஜக் ஐந்து (கரண்டி ஜக்கையும் சேர்த்து), தட்டு நான்கு, பாட்டு ஜக் ஒன்று. எதிலும் சாப்பிடுவதில்லை, பழைய மெருகில் ஈயம் இருக்கலாம்.

போன மாதம் ஒரு பழம்பொருள் சந்தையில் ஸ்டிரப் கப் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நரித்தலை வடிவக் கிண்ணம். வேட்டைக்குக் கிளம்பும்போது குதிரை மேல் உட்கார்ந்தபடியே குடிப்பதற்கு. அடிப்பாகமே கிடையாது, மூக்குதான் அடி. குடித்து முடிக்காமல் கீழே வைக்க முடியாது. காலியான பிறகு வாய் கீழாகக் கவிழ்த்தால் நரி தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 340 பவுன் என்றார் கடைக்காரர். சுண்டிப் பார்த்தேன், ‘ணங்’ என்றது. கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். அடுத்த சந்தை அக்டோபரில்.