ரோசியோவின் பிரசங்கங்கள்

லிஸ்பனின் ரோசியோ சதுக்கத்தை ஒட்டி, புனித தொமினிக் கோவிலின் முன்னால் ஒரு சிறு முற்றம் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஜிஞ்ஜா என்ற புளிப்புச் செர்ரி மதுவைச் சின்னக் கோப்பையில் ஊற்றித் தரும் கடை. நின்றபடியே குடித்துக் கொட்டையைத் துப்பிவிட்டுப் போகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கூட்டமாக நின்று ஊர்ச் செய்தி பேசுகிறார்கள். சுற்றுலாக்காரர்கள் மதுவுக்காக வருகிறார்கள். நான் கோவிலுக்காக வந்தேன்.

உள்ளே போனதும் கண் திகைக்கிறது. 1959-இல் தீப்பிடித்து எரிந்த கோவில் இது. கூரையைப் புதிதாகப் போட்டார்கள். வெந்து பிளந்த தூண்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். செங்காவி பூசிய விதானத்தின் கீழே, தோல் உரிந்தது போன்ற கல். அழகு செய்யாமல் விட்டவருக்கு என் வணக்கம்.

எனக்கு வேண்டியிருந்தது அந்தத் தீயின் கதை அல்ல. 1497-இல் மன்னர் மானுவல் தம் நாட்டு யூதர்களைக் கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் பெறச் செய்தார். அன்று முதல் அவர்களுக்குப் 'புதுக் கிறிஸ்தவர்' என்று பெயர். தலையில் தண்ணீர் ஊற்றினாலும் சந்தேகம் கழுவப்படவில்லை. 1506 ஏப்ரல் 19, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. ஊரில் கொள்ளைநோய், வறட்சி. அரசர் ஊரில் இல்லை. இந்தக் கோவிலின் ஒரு பீடத்திலிருந்த பாடுபட்ட சுரூபத்தில், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிலையில், ஒளி தெரிகிறது என்று கூட்டம் மண்டியிட்டிருந்தது. அங்கே நின்ற ஒரு புதுக் கிறிஸ்தவர், அது மெழுகுவர்த்தி வெளிச்சம் போலத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்து, அடித்துக் கொன்று, சதுக்கத்தில் எரித்தார்கள்.

அதோடு அடங்கியிருக்கக்கூடும். அடங்கவிடவில்லை தொமினிக்கன் துறவிகள். ஒருவர் கூட்டத்தைப் பார்த்துப் பிரசங்கம் செய்தார். இருவர் கையில் சிலுவையோடு 'பதிதம், பதிதம்' (மதவிரோதம்) என்று கூவியபடி தெருவில் இறங்கினார்கள். துறைமுகத்தில் நின்ற வெளிநாட்டுக் கப்பல்களின் மாலுமிகளும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று நாள் கொலையும் கொள்ளையும். வீடு வீடாகப் புகுந்து இழுத்தார்கள். தொட்டில் குழந்தைகளையும் விடவில்லை. அரசவை வரலாற்றாசிரியர் தமியாவ் த கோயிஷ் 1,900-க்கு மேல் என்கிறார். வேறு கணக்குகள் 4,000 வரை போகின்றன. மன்னர் கடுங்கோபம் கொண்டார். கலகக்காரர்கள் தூக்கில் தொங்கினார்கள். துறவிகள் இருவரின் குருத்துவத்தைப் பறித்து அவர்களையும் கொன்றார்கள்.

முற்றத்தில் 2008-இல் வைத்த நினைவுக்கல் இருக்கிறது. யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரம் பொறித்த அரைக்கோளம்; 'பூமியே, என் இரத்தத்தை மறைக்காதே' என்னும் பொருளில் விவிலியத்து யோபுவின் கதறல். லிஸ்பன் சகிப்புத்தன்மையின் நகரம் என்று பல மொழிகளில் அருகே ஒரு சுவர் சொல்கிறது. நகராட்சி இதைச் சொல்ல ஐந்நூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ரோசியோவின் வடபுறத்தை அடைத்து நிற்கும் வெள்ளைத் தூண் கட்டடம் தேசிய நாடக அரங்கு. 1846-இல் திறந்தார்கள். அதற்கு முன் அங்கே எஸ்தாவுஷ் அரண்மனை இருந்தது. 1497-இல் கப்பலேறிப் போகலாம் என்று நம்பி வந்த யூதர்களை அடைத்து ஞானஸ்நானம் கொடுத்த இடங்களில் அதுவும் ஒன்று. பிறகு அதே அரண்மனைதான் இன்க்விசிஷன் என்னும் திருச்சபை விசாரணை மன்றத்தின் தலைமையகம் ஆனது.

அரங்கின் உச்சியில் நிற்கும் சிலையை அவசியம் நிமிர்ந்து பாருங்கள். நாடகாசிரியர் ஜில் விசென்தி. 1531 ஜனவரியில் நிலநடுக்கம் வந்தபோது சந்தாரெங் நகரத்துத் துறவிகள் இது கடவுளின் கோபம், இன்னொன்றும் வரும் என்று பிரசங்கித்து மக்களை நடுங்க வைத்தார்கள். பழி யார் தலையில் விழும் என்று தெரிந்த புதுக் கிறிஸ்தவர்கள் ஒளிந்துகொண்டார்கள். விசென்தி அந்தத் துறவிகளைப் பிரான்சிஸ்கன் மடத்தில் கூட்டி, நிலநடுக்கம் இயற்கையின் வேலை, வாயை அடக்குங்கள் என்று கண்டித்தார். மன்னர் மூன்றாம் ஜுவாவுக்கும் கடிதம் எழுதினார். கூத்துக்காரர் குருக்களுக்குப் பிரசங்கம் செய்த அபூர்வமான நாள். பின்னாளில் அவருடைய நாடகங்களையே இன்க்விசிஷன் வெட்டித் தள்ளியது.

1536-இல் அந்த மன்றம் வந்தது. 1540-இல் லிஸ்பனில் முதல் பகிரங்கத் தண்டனைச் சடங்கு. 1506-ஐவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அன்று கொன்ற கூட்டத்தை அரசு தண்டித்தது. முப்பது ஆண்டுகளில் அதே வேலைக்கு எழுத்தரும், கைதிகளுக்குத் தனி அங்கியும், நிகழ்ச்சி நிரலும் ஏற்பாடாகிவிட்டன. நிரலில் பிரசங்கத்துக்குக் கட்டாயம் இடம் உண்டு. கையில் மெழுகுவர்த்தியோடு நிற்கும் கைதிகளை ஒரு பெரிய குரு திட்டித் தீர்ப்பார். அது அச்சேறி விற்பனைக்கும் வரும். 1705 செப்டம்பரில் இந்த ரோசியோவில் பிரசங்கித்தவர் தியோகு ஜுஷ்தினியானு. அவர் தாங்கியிருந்த பட்டம் கொடுங்கல்லூர் பேராயர்! நம் மதுரை மிஷன் இருந்த மறைமாவட்டம் அது. எதிரே நின்றவர்களை யூத இனத்தின் கேவலமான எச்சங்கள் என்று விளித்துத்தான் அவர் தொடங்கினார். லண்டனில் இருந்த யூத மதகுரு, ரபி டேவிட் நியெட்டோ அதற்கு மறுப்பு எழுதினார். லிஸ்பனில் பிறந்து, மதுரை மிஷனில் போதித்து, 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரின் நினைவு எனக்கு அங்கே வந்தது. போதித்ததற்காக உயிர் கொடுத்தவரும் கைதிகளை ஏசியவரும் ஒரே திருச்சபையின் ஆட்கள்.

ரோசியோவின் மேற்குப் பக்கம் படிகளாக ஏறும் தெரு இயேசு சபையின் பழைய கோவிலான சாவ் ரோக்கில் கொண்டுபோய் விடுகிறது. மூச்சு வாங்கும், ஏறுங்கள். பிரேசிலிலும் போதித்த இயேசு சபைக் குரு அந்தோனியு வியெய்ராவின் பிரசங்கம் என்றால் இங்கே விடியற்காலையிலேயே ஆள் அனுப்பி விரிப்புப் போட்டு இடம் பிடிப்பார்களாம். அந்த வியெய்ரா புதுக் கிறிஸ்தவர்களுக்காக அரசரிடம் வாதாடியவர். அவர்கள் பணம் நாட்டுக்கு வேண்டும் என்ற கணக்கும் அதில் உண்டு. இன்க்விசிஷன் அவரை 1665-இல் கோயிம்பிராவில் அடைத்தது. தீர்ப்பில் பிரசங்கிக்கவும் தடை போட்டது. தடை நீங்கியதும் அவர் ரோமுக்குப் போய் மன்றத்துக்கு எதிராக வேலை செய்தார். 1674-இல் பாப்பரசர் போர்த்துகீசிய இன்க்விசிஷனை நிறுத்தி வைத்தார். 1681-இல் அது திரும்ப வந்துவிட்டது; ஒழிந்தது 1821-இல்.

கோவிலுக்கு முன்னால் வியெய்ராவுக்கு 2017-இல் சிலை வைத்தார்கள்: கையில் சிலுவை, காலடியில் பிரேசில் பழங்குடிக் குழந்தைகள். 2020-இல் அதன்மேல் யாரோ சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். பழங்குடிகளை அடிமையாக்குவதை எதிர்த்தவர், ஆப்பிரிக்க அடிமைகளிடம் பொறுமையைத்தான் போதித்தார். சிலை வைத்தவர்களுக்கும் சாயம் ஊற்றியவர்களுக்கும் அவருடைய பிரசங்கத் தொகுதிகளிலேயே ஆதாரம் கிடைக்கும்; மனிதர் அவ்வளவு பேசியிருக்கிறார்.