ஜேஆர்எஃப் வந்துடுச்சு, சீட்டு எங்க? பெங்களூர்ல பிஹெச்டி சேந்த கதை

எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்ச தம்பி தங்கச்சிங்க என்கிட்ட கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்வி தான். "அக்கா, நெட் க்ளியர் ஆயிடுச்சு, ஜேஆர்எஃப்பும் வந்துடுச்சு, இனி எங்க வேணாலும் சேந்துடலாம்ல?" அப்படி இல்லப்பா. நெட்ங்கிறது தேசிய அளவுல நடக்கிற தகுதிப் பரீட்சை, அதுல மேல வந்தா கெடைக்கிற ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்), நீ எங்கயாச்சும் பிஹெச்டி சேந்தா உனக்கு மாசாமாசம் பணம் தரேன்னு கவர்மென்ட் சொல்றது, அவ்ளோ தான். சேத்துக்கிறதா வேணாமான்னு முடிவு பண்றது டேபிளுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற புரொஃபசருங்க. எங்க ஊர்ப் பக்கம் இத யாரும் தெளிவா சொல்றதில்ல, கோச்சிங் சென்டர் காரங்க ஃபிளெக்ஸ்ல போட்டோ போட்டதோட அவங்க வேலை முடிஞ்சுது. அதான் எனக்கு நடந்தத எழுதிடலாம்னு.

நான் கோவில்பட்டி பக்கம். படிச்சது எல்லாம் உள்ளூர் காலேஜ் தான், நான் படிச்ச காலத்துல அங்க மூலக்கூறோட அமைப்ப கண்டுபிடிக்கிற என்எம்ஆர் மெஷின் கிடையாது, ஸ்பெக்ட்ரம்னா புக்ல இருக்கிற படம் தான். 2024 பேட்ச். அந்த வருஷம் சயின்ஸ் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர் நெட் ஜூன் 25ல ஆரம்பிக்க வேண்டியது, நாலஞ்சு நாளைக்கு முன்னாடி திடீர்னு தள்ளி வச்சாங்க, கடைசில ஜூலை 25ல இருந்து 27 வரைக்கும் நடந்துச்சு. அதுக்குள்ள ஆகஸ்ட் அட்மிஷன் எல்லா இடத்துலயும் முடியுற கட்டத்துக்கு வந்துடுச்சு, ரிசல்ட் கைக்கு வரும்போது அந்த வருஷ பஸ் போயே போச்சு. பரீட்சைய பத்தி பெருசா சொல்ல ஒன்னுமில்ல. மொத்தம் 200 மார்க், பார்ட் சி-ல 60 கேள்வி இருக்கும், நீ 25 எழுதினா போதும், ஒவ்வொன்னும் 4 மார்க், தப்பா போட்டா ஒரு மார்க் போயிடும், ஆக எல்லா சாப்டரையும் அரைகுறையா தெரிஞ்சு வச்சிருக்கிறவன விட பாதி சாப்டர முழுசா தெரிஞ்சவனுக்கு தான் அது சாதகம்.

ஒன்னு மட்டும் கவனிங்க, 2024ல இருந்து ரிசல்ட்ட மூனு வகையா பிரிச்சு தராங்க. ஜேஆர்எஃப்போட அசிஸ்டன்ட் புரொஃபசர் தகுதி, ஜேஆர்எஃப் இல்லாம அசிஸ்டன்ட் புரொஃபசர் தகுதியும் பிஹெச்டி அட்மிஷனும், அப்புறம் பிஹெச்டி அட்மிஷன் மட்டும். பின்னாடி இருக்கிற ரெண்டு வகைக்கும் அந்த மார்க் பிஹெச்டி அட்மிஷனுக்கு ஒரு வருஷம் தான் செல்லும், யுனிவர்சிட்டில சேரும்போது அதுக்கு 70 சதவீதம், இன்டர்வியூக்கு 30 சதவீதம்னு கணக்கு. பெங்களூர் ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) மாதிரி இடங்கள் தனக்குன்னு ஒரு முறை வச்சிருக்காங்க, நெட்டோ கேட்டோ (GATE, இன்னொரு நுழைவுப் பரீட்சை) இருந்தா இன்டர்வியூக்கு கூப்பிடுவாங்க, அதுக்கப்புறம் அங்க நீ என்ன பேசுறியோ அது தான். கேட் ஸ்கோர் 3 வருஷம் செல்லும்ங்கிறதால ரெண்டையும் எழுதி வச்சுக்கிறது நல்லது.

சரி, ரிசல்ட் வந்துடுச்சு, அடுத்த அட்மிஷனுக்கு மாசக்கணக்குல இருக்கு, வீட்ல சும்மா உக்காந்தா கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும். அப்ப தான் பெங்களூர்ல ஒரு லேப்ல ப்ராஜெக்ட் போஸ்ட்டுக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு ஒரு சீனியர் அண்ணா சொன்னார். இந்த ப்ராஜெக்ட் வேலைய பத்தி நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப இளக்காரம், "டெம்பரவரி தானே"ன்னு. என்ன கேட்டா எனக்கு சீட்டு வாங்கிக் குடுத்ததே அது தான். தூத்துக்குடி-மைசூர் எக்ஸ்பிரஸ்ல சாயங்காலம் ஏறினா காலைல மெஜஸ்டிக், அங்கருந்து பஸ். கண்டக்டர்கிட்ட ஐஐஎஸ்சின்னு சொன்னா ஒரு நிமிஷம் யோசிப்பார், "டாடா இன்ஸ்டிட்யூட்"னா உடனே டிக்கெட். 1909ல ஆரம்பிச்சது, ஊரே இன்னும் அந்தப் பேர்ல தான் கூப்பிடுது. நான் வேலை பாத்த லேப் அங்க இல்ல, ஆனா ரூம் எடுத்தது மத்திகெரேல, அங்க பாதி பேர் இப்படி ஏதோ ஒரு இன்ஸ்டிட்யூட்ட நம்பி வந்தவங்க தான். ஜக்கூர்ல ஜேஎன்சி (ஜவஹர்லால் நேரு சென்டர்), சதாசிவநகர்ல ராமன் இன்ஸ்டிட்யூட், ஜிகேவிகேங்கிற விவசாய யுனிவர்சிட்டி கேம்பஸ் உள்ள உயிரியலுக்கான என்சிபிஎஸ், கோரமங்களால வானியல் காரங்க, சயின்ஸ் படிச்சவனுக்கு இந்த ஊர்ல தட்டிப் பாக்க கதவுக்கு பஞ்சமில்ல.

லேப்ல எனக்கு குடுத்தது நீள நீளமா டபுள் பாண்ட் தொடரா இருக்கிற மூலக்கூறுங்கள தயார் பண்ற வேலை. ரவுண்ட் பாட்டம் ஃபிளாஸ்க், கரைப்பான ஆவியாக்குற ரோட்டாவேப், கலவைய பிரிக்கிற காலம் (column), திரும்ப ரோட்டாவேப். ஆனா ஒன்னு பாத்தேன், ஒவ்வொரு தடவ தொடர் நீளும்போதும் ஃபிளாஸ்க்ல இருக்கிறதோட கலர் மாறும். சின்னதா இருக்கும்போது வெளிர் மஞ்சள், கொஞ்சம் நீண்டா ஆரஞ்சு, இன்னும் நீண்டா செவப்பு. பிஎஸ்சில பார்ட்டிகிள் இன் எ பாக்ஸ்னு, ஒரு பெட்டிக்குள்ள அடைபட்ட எலக்ட்ரானோட எனர்ஜி கணக்க, மனப்பாடம் பண்ணி எழுதினது இதுக்குத் தானா சாமின்னு அன்னைக்கு தான் உறைச்சுது. லேப்ல இருந்த அக்கா ஒருத்தங்க, சேலத்துக்காரங்க, ராத்திரி என்எம்ஆர் ஸ்லாட்டுக்கு காத்திருக்கும்போது அந்தக் கணக்க பேப்பர்ல போட்டுக் காமிச்சாங்க. இன்டர்வியூக்கு நான் கொண்டு போனது அந்த ஒரு விஷயத்த தான்.

நடுவுல சர்டிஃபிகேட் கதை ஒன்னு இருக்கு, தமிழ்நாட்டு ஆளுங்க பலபேர் இதுல தான் மாட்டுறாங்க. நம்ம கைல இருக்கிற பிசி, எம்பிசி கம்யூனிட்டி சர்டிஃபிகேட் சென்ட்ரல் இன்ஸ்டிட்யூட்ல செல்லாது. சென்ட்ரல் ஃபார்மட்ல ஓபிசி நான் க்ரீமி லேயர்னு (வசதியான குடும்பம் இல்லன்னு) தனியா வாங்கணும், உங்க சாதி சென்ட்ரல் லிஸ்ட்ல இருக்கான்னும் பாத்துக்கணும், நம்ம பிசி லிஸ்ட்ல இருக்கிறது எல்லாம் அங்க இருக்கும்னு சொல்ல முடியாது. வருஷ வருமான வரம்பு 8 லட்சம், விவசாய வருமானம் அந்தக் கணக்குல சேராது. இ-சேவைல போட்டா விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஒவ்வொரு லாகினா நகரும், இல்ல நகராது. எங்க அப்பா ஒரு ஆபீஸ்ல போய் நின்னா "இதுக்கு ஏற்கனவே சர்டிஃபிகேட் இருக்கே, எதுக்கு இன்னொன்னு"ன்னு திருப்பி அனுப்பினாங்க, அது வேற இது வேறன்னு புரிய வைக்கவே ஒரு வாரம். எந்த தேதிக்கு அப்புறம் வாங்கினதா இருக்கணும்னு நோட்டிஃபிகேஷன்ல போட்டிருப்பாங்க, அத படிச்சுட்டு அப்ளை பண்ணுங்க, பழச ஸ்கேன் பண்ணி போட்டுட்டு உக்காந்துடாதீங்க.

பிப்ரவரி மார்ச் வாக்குல அப்ளிகேஷன் ஓப்பன் ஆகும், மே ஜூன்ல இன்டர்வியூ. ஒரே இன்ஸ்டிட்யூட்டுக்குள்ளயே கெமிஸ்ட்ரிக்கு தனித்தனி டிபார்ட்மென்ட் இருக்கும், ஐஐஎஸ்சிலயே இனார்கானிக் அண்ட் ஃபிசிக்கல் ஒன்னு, ஆர்கானிக் ஒன்னு, சாலிட் ஸ்டேட் ஒன்னு. அந்த சாலிட் ஸ்டேட் யூனிட்ட 1976ல ஆரம்பிச்சது கெமிஸ்ட்ரி விஞ்ஞானி சி.என்.ஆர். ராவ். ஒவ்வொன்னும் தனியா கூப்பிடும், தனியா கேக்கும். எந்த இன்டர்வியூ எங்கன்னு இங்க சொல்லல, ஆனா உள்ள நடந்தத சொல்றேன்.

முதல் கேள்வி எல்லா இடத்துலயும் ஒன்னு தான், "உனக்கு பிடிச்ச டாபிக் என்ன?" சும்மா மரியாதைக்கு கேக்குறாங்கன்னு நெனைச்சிடாதீங்க, அடுத்த அரை மணி நேரம் எந்தக் கெணத்துல விழப்போறோம்னு நாமளே கையக் காட்டுற இடம் அது. நான் பார்ட்டிகிள் இன் எ பாக்ஸ்னேன். ஒருத்தர் லேசா சிரிச்சார், எல்லாரும் சொல்றது தானேன்னு. போர்டுக்கு போகச் சொன்னாங்க. எனர்ஜி ஃபார்முலா எழுதினேன். "சரி, கேரட் ஏன் ஆரஞ்சா இருக்கு?"

பீட்டா கரோட்டின்ல 11 டபுள் பாண்ட் தொடரா இருக்கு, ஆக 22 பை எலக்ட்ரான் (டபுள் பாண்டுக்கு ரெண்டு), லெவலுக்கு ரெண்டுன்னு அடுக்கினா 11 லெவல் நெறைஞ்சிடும், 11ல இருந்து 12க்கு தாவுறதுக்கு வேண்டிய எனர்ஜி நெஜத்துல நீல வெளிச்சம் பக்கம் இருக்கு, நீலத்த முழுங்கிடுச்சுன்னா மிச்சம் நம்ம கண்ணுக்கு ஆரஞ்சு. இது வரைக்கும் தண்ணி பட்ட பாடு. அப்ப ஓரத்துல உக்காந்திருந்த மேடம் கேட்டாங்க, "மூலக்கூறு ரெண்டு மடங்கு நீளமானா அந்த ரெண்டு லெவலுக்கு நடுவுல இருக்கிற கேப் என்ன ஆகும்?" ஃபார்முலால நீளம் வர்க்கமா கீழ இருக்கு, பட்டுன்னு நாலுல ஒன்னுன்னு சொல்ல வாய் வந்துடும். ஆனா பெட்டி மட்டுமா நீளுது, எலக்ட்ரானும் சேந்து கூடுதே, ரெண்டு மடங்கு எலக்ட்ரான்னா ரெண்டு மடங்கு உயரமான லெவல்ல இருந்து தாவுது, அதனால கிட்டத்தட்ட பாதி தான் ஆகும். சேலத்து அக்கா போட்டுக் காமிச்ச அதே கணக்கு. மேடம் தலையாட்டினாங்க, விடல. "அப்ப முடிவே இல்லாம நீட்டிட்டே போனா?"

கேப் பூஜ்யமாயிடும், உலோகம் மாதிரி ஆயிடும், கணக்கு அப்படித் தான் சொல்லுதுன்னேன். "நெஜத்துல பாலிஅசிட்டிலின் அப்படியா இருக்கு?" இல்ல, டபுள் பாண்ட் தொடரா நீண்டுக்கிட்டே போற அந்த பாலிமர் செமிகண்டக்டர், டோப் பண்ணா (வேற பொருள் கொஞ்சம் சேத்தா) தான் நல்லா கரண்ட் கடத்தும், அதுக்குத் தானே 2000ல ஹீகர், மெக்டயர்மிட், ஷிராகாவா மூனு பேருக்கும் நோபல். ஏன் பூஜ்யம் ஆகலன்னு கேட்டா எனக்கு தெரியல. தெரியலன்னு சொல்லிட்டு, போர்டுல இருந்த தொடர பாத்துட்டே, எல்லா பாண்டும் ஒரே நீளம்னு நாம வச்சுக்கிட்டது தானே அந்த பாக்ஸ், நெஜத்துல ஒன்னு குட்டை ஒன்னு நெட்டைன்னு தானே இருக்கும்னு சத்தமா யோசிச்சேன். "மேல போ"ன்னார் முதல்ல சிரிச்சவர். அப்படி மாறி மாறி இருந்தா பெட்டிக்குள்ள தரை சமமா இல்ல, மேடு பள்ளமா இருக்கு, அதனால ஒரு கேப் மிச்சம் நிக்கும்னு ஒரு வழியா வந்து சேந்தேன். அதுக்கு பெயர்ல்ஸ் டிஸ்டார்ஷன்னு பேருன்னு அவரே சொன்னார். மார்க்ஷீட்ட பத்தியோ ரேங்க்க பத்தியோ ஒரு வார்த்தை கேக்கல. என் இங்கிலீஷ் நடுவுல தடுமாறினதையும் யாரும் கண்டுக்கல, எனக்கு பின்னாடி போன பையன் சரளமா பேசுவான், ஆனா சொன்ன டாபிக்ல மூனாவது கேள்விக்கே தாங்கலன்னு அவனே வெளிய வந்து சொன்னான்.

சீட்டு கெடைச்சதுக்கு அப்புறம் தான் உண்மையான தலைவலி, கைடு யாருங்கிறது. இத பத்தி தான் நான் ஜாஸ்தி பேசுவேன், ஏன்னா அஞ்சு வருஷம் தினமும் பாக்கப் போற மூஞ்சி. வெப்சைட்ல பேப்பர் லிஸ்ட் பாத்து முடிவு பண்ணாதீங்க. மெஸ்ல போய் அந்த லேப் பசங்க கூட உக்காருங்க, அதுவும் கடைசி வருஷத்துல இருக்கிறவங்க கூட, அவங்களுக்கு மறைக்க ஒன்னும் இருக்காது. நான் கேட்டது இதெல்லாம்: கடைசியா இங்கருந்து தீசிஸ் குடுத்தவங்க எத்தன வருஷத்துல குடுத்தாங்க, நடுவுல யாராச்சும் விட்டுட்டு போனாங்களா, போனா ஏன், பேப்பர்ல முதல் பேர் யாரோடது வருது, ஊருக்கு பொங்கலுக்கு போகணும்னா எப்படி கேக்கணும். கடைசி கேள்விக்கு ஒரு லேப்ல மூனு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அதுக்கு மேல நான் அங்க எதுவும் கேக்கல, "தேங்க்ஸ்ணா"ன்னு சொல்லிட்டு தட்ட எடுத்துட்டு எந்திரிச்சிட்டேன். பேப்பர் எண்ணிக்கைல அந்த லேப் தான் ஃபர்ஸ்ட். நான் சேந்தது சின்ன லேப், லேசர் டேபிளுக்கு சண்டை போட வேண்டியதில்ல, கைடு வாரத்துக்கு ஒரு நாள் கண்டிப்பா உக்காந்து பேசுவார், திட்டினா டேட்டாவ தான் திட்டுவார்.

பணம். ஜேஆர்எஃப் மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு அசெஸ்மென்ட் முடிஞ்சா எஸ்ஆர்எஃப் (சீனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்) 42,000, 2023 ஜனவரில இருந்து இது தான் ரேட். ஹாஸ்டல்ல இருந்தா எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) கிடையாது, வெளிய இருந்தா உண்டு. எங்க அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை இல்ல, "படிக்கிறதுக்கு நீ காசு கட்டுறியா அவன் உனக்கு தரானா?"ன்னு ஃபோன்ல ரெண்டு தடவ கேட்டாங்க. ஆனா சேந்த உடனே வரும்னு நெனைக்காதீங்க. ஜாயினிங் ரிப்போர்ட்டு, கைடு கையெழுத்து, ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் சீல், எல்லாம் அனுப்பி, ஒரு எழுத்து தப்புன்னு ஃபைல் திரும்பி வந்து, திரும்ப அனுப்பி, முதல் பணம் வரதுக்குள்ள தீபாவளியே முடிஞ்சிருச்சு. ரூம்மேட் கிட்ட கடன், அண்ணன் கிட்ட கடன். அந்த முதல் நாலஞ்சு மாசத்துக்கு சாப்பாட்டுக்கும் ஃபீஸுக்கும் கைல வச்சுக்கிட்டு வாங்க, இது மட்டும் என் வேண்டுகோள்.

எத்தன வருஷம் ஆகும்னு வீட்ல கேப்பாங்க. யுஜிசியோட 2022 ரெகுலேஷன்ல குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6, அதுக்கு மேல ரீ-ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணா இன்னொரு 2. பொண்ணுங்களுக்கு அதுக்கும் மேல 2 வருஷம் தளர்வு உண்டு, 240 நாள் வரைக்கும் மெட்டர்னிட்டி லீவும் உண்டு. கல்யாணம்னு பேச்செடுக்கிற சித்திங்ககிட்ட நான் இந்த பாயின்ட்ட சொல்றதில்ல.

எம்எஸ்சி முதல் வருஷத்துல இருக்கிறவங்க நெட்டுக்கு மட்டும் மல்லுக்கட்டாதீங்க, மூனு சயின்ஸ் அகாடமியும் சேந்து நடத்துற சம்மர் ஃபெல்லோஷிப்புக்கு போடுங்க, பெங்களூர்ல இருக்கிற இந்தியன் அகாடமி, டெல்லில ஐஎன்எஸ்ஏ, அலகாபாத்ல நாசி. ரெண்டு மாசம் நல்ல லேப் ஒன்னுல இருக்கலாம். கடைசி தேதி வழக்கமா நவம்பர்ல வரும், செமஸ்டர் பரீட்சை நேரம், மறந்துடுவீங்க. ஆகஸ்ட்ட தவறவிட்டவங்களுக்கு ஜனவரி செஷனும் இருக்கு, ஐஐஎஸ்சிலயும் ஜேஎன்சிலயும் எடுப்பாங்க, எந்த டிபார்ட்மென்ட் அந்த வருஷம் எடுக்குதுன்னு மட்டும் நோட்டிஃபிகேஷன்ல பாத்துக்கோங்க. அதுக்கு ஓபிசி சர்டிஃபிகேட்ட அக்டோபர்லயே இ-சேவைல போட்டுடுங்க.