டோனர் டெஸ்ட்டில் முதல் தடவை நான் ஃபெயில்

வாப்பாவுக்கு என் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம் என்று போன வாரம் ஒருவழியாகச் சொல்லிவிட்டார்கள். இதற்காகக் கீழக்கரையிலிருந்து சென்னைக்கு மூன்று தடவை அலைந்தேன். முதல் தடவை வீணானது என் அசட்டையால், இரண்டாவது தடவை இழுத்தடித்தது காகிதத்தால்.

முதலில் முன்வந்தது மச்சான்தான். ஆனால் 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தில் மருமகன் நெருங்கிய உறவு கிடையாது. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், 2011 திருத்தத்துக்குப் பிறகு தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், அவ்வளவுதான். மற்றவர்கள் அங்கீகாரக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். சரி, நானே கொடுக்கிறேன் என்றேன். ரெண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ், வயசு 34, சிகரெட் கிடையாது, பார்க்க ஒல்லி, வயிறு மட்டும் லேசாக. எனக்கென்ன என்ற நினைப்பு.

ராமநாதபுரத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று இருந்தது, அதாவது ஈரலில் லேசாகக் கொழுப்பு. "இது இப்ப எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்றார்கள். நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சேது எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். சும்மா இருக்கிற ஆளுக்கு அது பெரிய விஷயமில்லைதான், டோனருக்கு அப்படி இல்லை. சென்னையில் முதல் வேலையாக மருந்து ஏற்றாமல் ஒரு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். நல்ல ஈரல் என்றால் மண்ணீரலைவிட வெளுப்பாகத் தெரியுமாம், என்னுடையது ஒரு சாயல் கறுத்துக் கிடந்தது. அந்த வித்தியாசத்தை எண்ணாகவும் போடுகிறார்கள். பிளஸ் 5-க்கு மேல் வந்தால் நிம்மதி, எனக்கு வந்தது மைனஸ் 3. கொழுப்பு ஏறிய ஈரல் வைத்த இடத்திலும் ஒழுங்காக வேலை செய்யாது, என்னிடம் மிஞ்சுகிற துண்டும் வளரத் திணறும், எடையைக் குறைத்துவிட்டு எட்டு வாரம் கழித்து வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ரிப்போர்ட்டை முதலிலேயே போனில் அனுப்பிக் கேட்டிருந்தால் ரயில் செலவாவது மிஞ்சியிருக்கும். நீங்களாவது அனுப்புங்கள்.

எட்டு வாரமும் பரோட்டா இல்லை, சீனி போட்ட டீ இல்லை, பொரித்த மீன் இல்லை, குழம்பு மீன் மட்டும். சுபுஹு தொழுதுவிட்டுக் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடை. 72 கிலோ 66 ஆனது. "வீட்ல ஒரு நோயாளி பத்தாதா?" என்று உம்மா தினமும் அழுகை. சொந்தத்தில் ஒருவர் கீழாநெல்லிச் சாறு கொண்டுவந்தார். எந்தக் கஷாயமும் கூடாது, ஈரலைத்தான் டெஸ்ட் பண்ணப் போகிறோம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் தப்பித்தேன்.

இரண்டாவது தடவை பிளஸ் 7! அப்புறம் மருந்து ஏற்றி ஸ்கேனில் ஈரலின் அளவு பார்த்தார்கள். வலப்பக்கத்தை எடுத்தால் எனக்கு 36 சதவீதம் மிஞ்சும், 30-க்குக் கீழே என்றால் தொடவே மாட்டார்களாம். கொடுக்கிற துண்டு வாங்குகிறவர் எடையில் 0.8 சதவீதமாவது இருக்க வேண்டும், அதாவது வாப்பாவின் 60 கிலோவுக்கு 480 கிராம். என்னிடம் 640 வரும் என்றார்கள். பித்தக்குழாய் பார்க்கிற எம்ஆர்ஐ, இதயம், ரத்தம் எல்லாம் சரியாகவே வந்தன.

மாட்டிக்கொண்டது கவுன்டரில். என் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, 'ஆண்' என்று மட்டும் இருக்கிறது. வாப்பா பெயர் என் பள்ளிச் சான்றிதழில் 'செய்யது', ஆதாரில் 'சையத்'. "அப்பா, பையன்னு எதை வெச்சு நம்புறது?" என்றார் அந்த ஆள், தலையைக்கூட நிமிர்த்தாமல். பக்கத்திலேயே வாப்பா உட்கார்ந்திருக்கிறார், ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அதோடு என் மனைவியும் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டுமாம், அதையும் வீடியோ எடுப்பார்களாம். இதை முன்கூட்டியே ஒருத்தரும் சொல்லவில்லை, அவள் கைக்குழந்தையோடு ஊரில் இருக்கிறாள்.

ஊருக்கு வந்து சான்றிதழில் பெயர் ஏற்றி, ரெண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் வாங்கி, குடும்பத்தோடு மூன்றாவது தடவை போனேன். அதே ஆள் ஃபைலை ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு, "ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு குறையுதே" என்றார். எல்லாவற்றிலும் நாலு நாலு காப்பி எடுத்து வைத்திருந்தேன். ஒன்றை உருவி மேஜையில் வைத்தேன். அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.