சித்தி ஏன் மறைத்தார்

என் சித்தியின் மகன் பவுடர் எனப்படும் ஹெராயின் பழக்கத்தில் சிக்கியிருப்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியவந்தபோது, சித்திக்கு அது தெரிந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. துணி துவைக்கும்போது அவனுடைய சட்டைப் பையில் கிடைத்த, ஹெராயினைச் சூடாக்கிப் புகைத்ததில் நடுவே பழுப்புக் கோடு ஓடிய வெள்ளித்தாள்களை அவர் ஒவ்வொரு முறையும் எரித்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறார். ஏன் எவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா போலீசுக்குச் சொல்லிடுவாங்கன்னு பயந்துட்டேன்பா" என்றார்.

அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. நமது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஹெராயினைப் பயன்படுத்துவதையே ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவோ, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையான ஒருவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவ நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்குத் தொடரலாகாது என்கிறது. ஆனால் சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். விட்டதும் மீண்டும் பற்றுவதே இந்த நோயின் இயல்பாக இருக்கும்போது, இடையில் சறுக்கியவனை மறுபடி குற்றவாளியாக்க வழிவைத்திருக்கும் விலக்கு எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

போர்த்துகல் நாட்டின் அனுபவத்தை நான் திரும்பத் திரும்பப் படிப்பது இதனால்தான். 1990களின் இறுதியில் அங்கே ஏறத்தாழ நூற்றில் ஒருவர் ஹெராயின் சிக்கலில் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஊசி வழியே எச்.ஐ.வி.யும் பரவிக்கொண்டிருந்தது. ஜுவாவ் கோலாவ் என்ற மருத்துவரும் இடம்பெற்ற நிபுணர் குழு தந்த பரிந்துரைகளின் வழியே, 2001 ஜூலை முதல், பத்து நாள் பயன்பாட்டுக்கு உட்பட்ட அளவுடன் பிடிபடுபவர் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் பதிலாகச் சட்டம், மருத்துவம், சமூகப்பணி போன்ற துறைகளைச் சேர்ந்த மூவர் குழுவின் முன் நிறுத்தப்படுகிறார். பொருள் பறிமுதல் செய்யப்படும். விற்பவருக்குச் சிறை இன்றும் உண்டு. ஆகவே போதைப்பொருளை அனுமதித்த நாடு என்று அதைக் குறிப்பிடுவது பிழை. தண்டனையை எடுத்த கையோடு ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் மருந்து தரும் சிகிச்சையையும், பயன்படுத்திய ஊசிக்குப் பதில் புது ஊசி தரும் பணியையும் அவர்கள் விரிவுபடுத்தினார்கள் என்பதை, இங்கே ஆதரித்துப் பேசுபவர்களும் எதிர்த்துப் பேசுபவர்களும் ஒருசேர விட்டுவிடுகிறார்கள்.

சிகிச்சையை அப்படி விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இருக்கிறது. 2020இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 110ஆவது தீர்மானத்தின்படி, சிறிய அளவு வைத்திருந்தவருக்கு நூறு டாலர் அபராதம் மட்டுமே. சிகிச்சை உதவிக்கான ஒரு தொலைபேசி எண்ணை அழைத்துப் பேசினால் அதுவும் தள்ளுபடி. அழைத்தவர்கள் மிகச் சிலரே. சிகிச்சைக்கான நிதி மையங்களுக்குத் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது, அதற்குள் ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் தெருக்களை நிறைத்துவிட்டது. 2024 செப்டம்பரில் அது மீண்டும் குற்றமாயிற்று. தண்டனையை நீக்கியது தவறு என்று இதிலிருந்து முடிவுகட்ட நான் தயாராக இல்லை. சிகிச்சை போய்ச் சேருமுன் தண்டனை மட்டும் போனது என்பதே அங்கு நேர்ந்தது.

இப்போது சித்தியின் மகன் நாள்தோறும் காலையில் ஓர் அரசு மருத்துவமனைக்குச் செல்கிறான். செவிலியர், ஹெராயினுக்கு மாற்று மருந்தான பியூப்ரினார்பின் மாத்திரையைப் பொடித்து அவன் நாக்குக்கு அடியில் வைக்கிறார்; அது கரையும்வரை அவன் விழுங்காமல், பேசாமல், வாயை மூடி அவர் கண்ணெதிரே அமர்ந்திருக்க வேண்டும். பிறகு வாயைத் திறந்து காட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறான். நடுக்கமோ உடல்வலியோ இல்லாமல் அந்த நாள் கழிகிறது. ஒருமுறை நானும் உடன் சென்றேன். வெளியே பெஞ்சில் இருந்த சித்தி, சுவரோரம் காக்கிச் சட்டையில் ஒருவர் நடந்து போனதைக் கண்டு முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் மருத்துவமனையின் காவலாளி.