டிரினிட்டி ஆற்றில் வில்லும் அம்பும்

2023 ஆகஸ்ட் 2, புதன்

மீன் எய்ய வாங்கிய வில் வந்து சேர்ந்தது. நாணை இழுக்க 40 பவுண்டு விசை வேண்டும். முன்பக்கம் நூல் சுருண்டு கிடக்க ஒரு டப்பா. அம்பில் இறகே கிடையாது. கனமான ஃபைபர் கிளாஸ் கம்பி, நுனியில் மீனைப் பிடித்துக்கொள்ளும் முள். நூலை அம்பின் பின்னால் கட்டாமல், அம்பின் மேல் நகரும் ஒரு சின்ன வளையத்தில் கட்ட வேண்டும். அப்போதுதான் நூல் நாணில் சிக்காது. சிக்கினால் அம்பு எய்தவன் மேலேயே திரும்பி வரும்.

சாயங்காலம் நண்பனின் இடத்தில் இருக்கிற குட்டையில், மணல் நிரப்பிய பாட்டிலை மூழ்கடித்துப் பழகினோம். முதல் பத்து அம்பும் பாட்டிலுக்கு மேலே போயின. பள்ளிக்கூடத்தில் டம்ளரில் நாணயம் போட்டுக் காட்டிய அதே ஒளிவிலகல்தான். பத்தடி தூரத்தில், ஓரடி ஆழத்தில் இருக்கும் மீனுக்கு நான்கு அங்குலம் கீழே குறி வைக்கச் சொல்கிறார்கள். கண் சொல்வதைக் கை கேட்கக் கூடாது என்றால் எப்படி?

ஆகஸ்ட் 5, சனி

விடியும் முன்பே டாலஸிலிருந்து கிளம்பி, இரண்டு மணி நேரத்தில் டெக்சாஸின் டிரினிட்டி ஆற்றங்கரை. நாங்கள் மூன்று பேர், கூட ஆபீஸ் நண்பரின் மாமனார். படகு அவருடையது, ஐம்பது வருடமாக இந்த ஆற்றில் இருப்பவர்.

வெயில் 100 டிகிரியைத் தாண்டியது. ஆறு வற்றி, தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. இந்த மாதிரி நாளில்தான் அலிகேட்டர் கார் (gar) என்கிற, முதலை மூக்குள்ள பெரிய மீன் அடிக்கடி மேலே வருமாம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. இந்த மீனுக்கோ காற்றுப்பையாலும் மூச்சு வாங்கத் தெரியும். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் புரண்டு போகும். அந்த ஒரு நொடிதான் நமக்கு.

பெரியவர் வில்லைத் தொட விடுவதற்கு முன் சட்டத்தைச் சொன்னார். டெக்சாஸில் பெரும்பாலான இடங்களில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு அலிகேட்டர் கார்தான் பிடிக்கலாம். இந்த விதி 2009இல் வந்தது. டாலஸிலிருந்து கீழே இந்த ஆற்றின் பெரும்பகுதியில் 48 அங்குலத்துக்கு மேல் இருந்தால் தனி அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. இது 2019இல் வந்தது. தூண்டிலில் மாட்டினால் அளந்து பார்த்து விட்டுவிடலாம். அம்பு பட்ட மீனை விட முடியாது. எனவே எய்வதற்கு முன்பே அளந்துவிட வேண்டும், அதுவும் கண்ணால்.

அன்று இரண்டு அம்பு எய்தேன், இரண்டும் கெண்டைக்கு. இரண்டும் சேற்றில்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

தோள் வலி. வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 12, சனி

கிடைத்தது! லாங்நோஸ் கார், அலிகேட்டர் காரின் உறவுக்கார மீன், மூன்றடி இருக்கும். மூக்கு ஊசி மாதிரி நீளம், அதனால் அலிகேட்டர் காரோடு குழப்பமே இல்லை. அம்பு இறங்கியதும் நூல் விர்ரென்று ஓடியது. கையுறை போட்டிருந்ததால் விரல் தப்பியது.

கத்தி செதிலில் இறங்கவில்லை. தகரம் வெட்டும் கத்தரியால் முதுகை வெட்டித் திறந்தார் பெரியவர். ஒரு செதிலைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தார். சாய்சதுரம், மேலே பல்லின் எனாமல் போலப் பளபளப்பு. அந்தக் காலத்தில் இங்குள்ள பழங்குடிகள் இதையே அம்புமுனையாகக் கட்டினார்களாம். முட்டை மட்டும் விஷம். நாய்க்குக்கூடப் போடாதே என்றார். சதை வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. புளி ஊற்றிக் குழம்பு வைத்தோம். வஞ்சிரத்துக்குப் பழகிய நாக்குக்கும் பிடித்தது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் எழுதிவைக்க வேண்டும்.

காலை எட்டு மணி இருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒரு வளைவில் நிழலோரமாக மிதந்துகொண்டிருந்தோம். படகுக்குப் பத்தடியில் தண்ணீர் வீங்கியது. அகலமான மூக்கு, அப்புறம் முதுகு, அது முடியவே இல்லை. ஹஃப் என்று காற்றை விட்ட சத்தம் காதில் விழுந்தது. நான் நாணை முழுக்க இழுத்திருந்தேன்.

"டேய், ஆறடிடா. விட்று," என்றான் நண்பன். நாணை மெல்ல இறக்கினேன். கை நடுங்கியது.

இவ்வளவு பெரியது பெரும்பாலும் பெண்தான் என்றார் பெரியவர். முட்டையிடும் வயது வரவே பத்து வருடம் போல ஆகும். ஐம்பது வருடத்துக்கு மேலும் வாழும். வசந்தத்தில் ஆறு கரை புரண்டு புல்வெளி மூழ்கினால்தான் குஞ்சுகள் நன்றாகப் பிழைக்கும். வறண்ட வருடங்களில் இனம் பெருகுவதில்லை. இதையே குப்பை மீன் என்று சொல்லி, 1930களில் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லத் தனிப்படகே விட்டிருக்கிறார்கள் இந்த மாநிலத்தில். அதைக் கேட்டதும் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். வில்லைப் படகின் அடியில் வைத்துவிட்டேன். அது இன்னும் நான்கு முறை மேலே வந்தது. கடைசி முறை எதிர்க்கரை ஓரம், சாய்ந்த மரத்தடியில்.

அடுத்த சனிக்கிழமை படகு கிடையாது. குட்டையில் பாட்டிலுக்கு எய்து பழக வேண்டியதுதான்.